நிறம் கரைந்த நீலப்படை

அந்தப் பெண் வந்தபோது கையில் ஒரு எனாமல் தட்டு இருந்தது. மேலே துண்டு போட்டு மூடியிருந்தாள். சாப்பிட ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து மச்சான் ஆவலாகக் கையை நீட்டினான். பெயின்ட் கரைக்கிற தின்னர் நெடி மூக்கில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டான்.

"மேசை மேல வைங்க," என்றார் சர்வேயர்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வாழ்நாளெல்லாம் சேதம் பார்த்தவர் அவர். தீப்பிடித்த குடோன், கவிழ்ந்த லாரி, நனைந்த சரக்கு எதுவானாலும் முதலில் அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். வேலையை விட்ட பிறகு, எந்தக் கம்பெனியும் இன்ஷூர் செய்யாத சேதங்களோடு ஆட்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மச்சான் அவருடைய மனைவியின் தம்பி. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். மாடிப்படியில் அந்நியச் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு மேலே வந்துவிடுவான்.

துண்டை எடுத்தாள். உள்ளே ஈயத்தில் வார்த்த இரண்டு டஜன் பொம்மை வீரர்கள். கட்டைவிரல் உயரம் இருக்கும். தோளில் துப்பாக்கி, தலையில் உயரத் தொப்பி. எல்லாரும் மல்லாந்து, வரிசை வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருவர் மீதும் நிறம் இல்லை. தட்டின் அடியில் மட்டும் நீலமும் சிவப்பும் கலந்து சேறாகக் காய்ந்திருந்தது.

"எங்கப்பா பெயின்ட் பண்ணின படை. மூணு மாசம் ராப்பகலா உட்கார்ந்து பண்ணினார். போன ஞாயிறு சாயங்காலம் நான் போனப்போ இது பெயின்ட் எல்லாம் கரைஞ்சு தின்னர்ல கிடந்தது. அவர் பக்கத்துல நாற்காலியில... போயிருந்தார்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஹார்ட். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. நானும் நர்ஸ்தான்." அவள் துண்டை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக. "சனிக்கிழமை காலையில போன்ல சண்டை. தனியா கிடந்து என்ன பண்றீங்க, என்கூட வந்துடுங்கன்னு வழக்கம்போலக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னார். கோபத்துல, 'பொம்மைதான் முக்கியம்னா பொம்மையைக் கட்டிக்கிட்டே சாவுங்க'ன்னுட்டேன். மறுநாள் இப்படி."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சர்வேயர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"என் வார்த்தைக்காக அவரே இதை அழிச்சாரா, இல்ல வேற எவனாவது வந்து அழிச்சு அவர் அதைப் பார்த்துப் போனாரா? நான்தான்னா அதைச் சுமந்துட்டுப் போறேன். இல்லன்னா, பண்ணினவன் முகத்தை ஒரு தடவை பார்க்கணும். எதுன்னே தெரியாம தூங்க முடியல சார்."

"வீட்டுக்கு யார் யார் வருவாங்க?"

"மூணு ஃப்ரெண்ட்ஸ். இந்தப் படைகளை வெச்சு விளையாட சனிக்கிழமை தவறாம வருவாங்க. கதவை இழுத்தா தானா பூட்டிக்கும். உள்ள யார் இருந்துட்டுப் போனாலும் தெரியாது."

"நீங்க போனப்போ ரூம்ல லைட் எரிஞ்சுதா?"

அவள் யோசித்தாள். "இல்ல. ஜன்னல் திரைகூட மூடித்தான் இருந்தது. நான்தான் போய் ஸ்விட்ச் போட்டேன்."

"அப்பாவோட கண்ணாடி?"

"சட்டைப் பையில. கூட்டோட."

"கை எப்படி இருந்தது?"

நர்ஸ் என்பதால் அதைக் கவனித்திருந்தாள். "விரல் நுனியெல்லாம் வெளுத்து, வெடிச்சிருந்தது. ரப்பர் கையுறை பக்கத்துல பிரிக்காமலே கிடந்தது. வழக்கமா கையுறை போடாம தின்னரைத் தொடவே மாட்டார்."

சர்வேயர் தட்டில் கிடந்த வரிசைகளை வெகுநேரம் பார்த்தார். "இந்த வரிசை நீங்க அடுக்கினதா?"

"நான் தொடவே இல்ல."

அவள் போன பிறகு மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்தான். "மாமா, கேஸ் முடிஞ்சுது. திரை மூடியிருக்கு, லைட் இல்ல. வந்தவன் வெளியில யாரும் பார்த்துடக் கூடாதுன்னு மூடியிருக்கான். மூணு பேர்ல ஒருத்தன்."

"முடிஞ்சுதுன்னா போய் ஷட்டரைத் தூக்கு. யாராவது ஆதார் காப்பிக்கு நிப்பாங்க."

மச்சான் போகவில்லை.

*

இறந்தவரை நண்பர்கள் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். பக்கத்தில் பலூன் வெடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள். ஆனால் தன் வீட்டு முன்னறையில், இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்துப் போட்ட பெரிய மேசையில், இருநூறு வருடம் பழைய போர்களை ஒன்றுவிடாமல் நடத்தியிருக்கிறார். பச்சைத் துணிதான் புல்வெளி. அடியில் புத்தகங்களைச் செருகினால் மேடு. பஞ்சை உருட்டிப் பீரங்கி முன்னால் வைத்தால் புகை. அளவு நாடாவை வைத்துப் படையை நகர்த்த வேண்டும், டைஸ் உருட்டிச் சுட வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு படை.

பெயின்ட் மேசை ஜன்னல் ஓரம் இருந்தது. சர்வேயர் வழக்கம்போல நின்று பார்த்தார். மூன்று பூதக்கண்ணாடிகள், ஒன்றைவிட ஒன்று தடிமன். கடையில் விற்பதிலேயே பெரிய பல்பு. பெயின்ட் பாட்டில்களின் கழுத்தில் ரப்பர் பேண்டுகள்: நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு மூன்று. பிரஷ்கள் எல்லாம் நுனி காய்ந்து விளக்குமாறு மாதிரி விறைத்திருந்தன. பாதி முடித்த குதிரைவீரன் ஒருவன் தனியாக நின்றான். முகத்துக்கான நிறம் தொப்பியில் வழிந்திருந்தது.

"ரப்பர் பேண்ட் எதுக்கு மாமா? எது பழசு, எது புதுசுன்னு அடையாளமா?"

"இருக்கலாம்."

அலமாரியைத் திறந்தார்கள். கடைசியாகச் செய்த இரண்டு மூன்று படைகள் கீழ்த்தட்டில் இருந்தன. ஒவ்வொரு வீரனுக்கும் கண் இருந்தது. கண்ணுக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் கடுகில் பாதி அளவு கருமணி. மச்சான் விசிலடித்தான். "மனுஷன் கலைஞன்யா."

சர்வேயர் விறைத்த பிரஷ் ஒன்றை எடுத்து அந்தக் கண் பக்கத்தில் பிடித்தார். பிரஷ் நுனி வீரனின் முகத்தைவிட அகலமாக இருந்தது. பிரஷைத் திரும்ப வைத்துவிட்டார்.

பிறகு அவர் செய்தது மச்சானுக்கு விளங்கவில்லை. மேல்தட்டிலிருந்து பழைய படை ஒன்றை இறக்கிவைத்து, "கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொருத்தனா தடவு," என்றார்.

"நான் என்ன இவனுங்களுக்கு மசாஜா பண்ண வந்தேன்?"

"தடவு மாப்ளே."

தடவினான். துப்பாக்கி, தோள்பை, தொப்பி. எல்லாரும் ஒரே அச்சு. எட்டோ ஒன்பதோ தாண்டியதும் விரல் நின்றது. "மாமா, இவன் இடுப்புல மட்டும் ஏதோ தட்டுது. நூல் மாதிரி."

கண் திறந்து பார்த்தால் ஒன்றும் வித்தியாசம் இல்லை. எல்லாருக்கும் இருப்பதுபோல வெள்ளை பெல்ட். சர்வேயர் நகத்தால் லேசாக நிமிண்டினார். வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் அடர்சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது.

அடுத்த படையிலும் ஒருவன் இருந்தான். அதற்கடுத்ததிலும். படைக்கு ஒருவன்.

மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அம்மா ஆரம்பிச்சது," என்றாள். "நான் சின்னப் பிள்ளை. முதல் படையில ஒருத்தனுக்கு அச்சுல பெல்ட் சரியா விழல. அப்பா தூக்கிப் போடப் போனார். அம்மா என் ஸ்கூல் பாவாடைக்கு ஓரம் அடிச்சுட்டிருந்தாங்க. அந்த நூலையே அவன் இடுப்புல சுத்தி முடிச்சுப் போட்டு, 'இப்ப அவுந்து விழாது, சண்டைக்கு அனுப்புங்க'ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறமும் அப்பா தொடர்ந்து கட்டினாரா? எனக்குத் தெரியாது."

"அந்த நூல்கண்டு இருக்கா?"

பெயின்ட் மேசையின் இழுப்பறையில் இருந்தது. மரக்கட்டை மட்டும். நூல் இல்லை.

*

நண்பர்களைப் பார்க்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் தன் காரிலேயே உட்கார்ந்து பேசினார். பெரிய குரல், பெரிய உடம்பு. கண் மட்டும் சிவந்திருந்தது. "கர்னல் என்னை ஜெயிக்கவே விடமாட்டான் சார். சனிக்கிழமை மட்டும் என்னமோ... புதுசா முடிச்ச நீலப்படையை மேசைக்குக் கொண்டுவந்தோம். அவன் ஒவ்வொருத்தனா விரலால தடவினான். கடைசி ஆள்வரைக்கும் தடவிட்டு, மறுபடி முதல்ல இருந்து. 'என்னடா, அட்டெண்டன்ஸ் எடுக்கறியா'ன்னு கேட்டேன். அப்புறம் டைஸ்கூட உருட்டல."

வரலாற்று வாத்தியாருக்கு நண்பர்கள் வைத்த பெயர் தேதி. பள்ளி ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள்களுக்கு நடுவே இருந்தார். அன்று கர்னலோடு சண்டை போட்டது உண்மை என்றார். "காலர் மஞ்சளா இருக்கணும். சிவப்பு போட்டிருந்தது. சொன்னேன். ஒரு மனுஷன் செத்துப் போவான்னு தெரிஞ்சா காலரைப் பத்தியா பேசுவேன்?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா மஞ்சள்தான்."

பல் டாக்டர் மெல்லிய குரல்காரர். கிளினிக்கில் கூட்டம் இல்லை. நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி மேசைமேல் கிடந்தது. அதன் பட்டையில் ஊசிமுனை அளவு நீலப்புள்ளி ஒன்று.

"நீங்களும் பெயின்ட் பண்ணுவீங்களா டாக்டர்?"

"எனக்கெங்க நேரம்? கர்னல் முடிச்சதும் படையை எடுத்துட்டு வந்து வார்னிஷ் மட்டும் அடிச்சுத் தருவேன். இங்க ஸ்ப்ரே இருக்கு. அந்த வாசனை அவனுக்கு ஆகாது."

"நீலப்படைக்கும் நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமா. சனிக்கிழமை நான்தான் திருப்பிக் கொண்டுபோனேன்."

படியிறங்கும்போது மச்சான் சொன்னான்: "அந்த வாத்தியார்தான் மாமா. காலருக்காகக் கொலையே பண்ணுவான் போலிருக்கு."

"யாரும் யாரையும் கொல்லல," என்றார் சர்வேயர். அவர் முகம் வேலை முடிந்த முகமாக இல்லை. "எல்லாரையும் அந்த ரூமுக்கு வரச்சொல்லணும். உண்மையைச் சொல்லாமலே விட்டுடலாமான்னும் பார்க்கறேன்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அதான்."

*

மூன்று நண்பர்களும் பெரிய மேசையைச் சுற்றி, அவரவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கர்னலின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மகள் சுவரோரமாக நின்றாள். பச்சைத்துணியின் நடுவே எனாமல் தட்டு.

"சேதம் பார்க்கறவன் முதல்ல கேக்கற கேள்வி இதுதான்," என்று ஆரம்பித்தார் சர்வேயர். "ஒரு பொருளை ஒருத்தன் அழிக்கணும்னா எப்படி அழிப்பான்? சுத்தியல் இருக்கு. மிதிச்சா வளையற ஈயம். இங்க ஒரு துப்பாக்கி முனைகூட வளையல. எல்லாரையும் மல்லாக்கப் படுக்கவெச்சு, வரிசை கலையாம அடுக்கியிருக்கு. முடிச்சது எது, முடிக்காதது எதுன்னு குழம்பாம இருக்கத்தான் இப்படி அடுக்குவாங்க. கோபத்துல இருக்கறவன் அடுக்கமாட்டான்."

"அப்ப யார் பண்ணினது?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"கர்னல்தான்."

மகள் சுவரில் சாய்ந்தாள்.

"இருங்கம்மா. திரை மூடியிருந்தது. விளக்கு எரியல. கண்ணாடி சட்டைப் பையில. என் மச்சான் யாரோ ஒளிஞ்சு பண்ணினதா நினைச்சான். அது ஒளியறதுக்காக மூடினது இல்ல. அந்த வேலைக்கு வெளிச்சம் தேவைப்படல. கையுறை இல்லாமத் தொடவே தொடாத மனுஷன், விரல் வெடிக்கிற அளவுக்கு வெறுங்கையாலயே பண்ணியிருக்கார். கையுறை போட்டா எது போகும்?"

"தொடு உணர்ச்சி," என்றாள் மகள். சொன்ன பிறகுதான் அது என்னவென்று அவளுக்கே புரிந்தது. "அப்பாவுக்குக் கண்..."

"பாட்டிலுக்கு ரப்பர் பேண்ட். மூணு பூதக்கண்ணாடி. தொப்பியில வழிஞ்ச முகம். கொஞ்ச நாளா அவருக்குக் கிட்டத்தட்ட ஒண்ணும் தெரியல. இந்த வீடு மனப்பாடம்ங்கறதால நடந்துட்டிருந்தார். உங்க வீடு மனப்பாடம் இல்ல. அதனாலதான் வரமாட்டேன்னார்."

நண்பர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார்கள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் மகள்.

"தெரியும்மா," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். குரல் சுருங்கியிருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல அங்கிள்? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறேன். எனக்கு ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

"சொன்னா நீ அவனைக் கூட்டிட்டுப் போயிருப்பே. எங்களுக்கு யாரிருக்கா?"

அந்தப் பதிலில் மறைக்க ஒன்றும் இல்லை.

சர்வேயர் தொடர்ந்தார். "அந்த பிரஷை வெச்சு அந்தக் கண்களை வரைய முடியாது. வேற ஒரு கை வரைஞ்சிருக்கு. டாக்டர், வார்னிஷ் மட்டும்தான் அடிப்பேன்னீங்க. வார்னிஷுக்கு நிறம் கிடையாது. உங்க பூதக்கண்ணாடியில நீலம் இருந்தது."

பல் டாக்டர் மறுக்கவில்லை. "அவன் கொடுக்கறதைக் கொண்டுபோய்த் திருத்துவேன். முதல்ல அங்கங்க. அப்புறம் முழுசா. கொண்டுவந்து வெச்சா, தேதி காலர் சரியில்லம்பான், இவன் சூப்பர்ம்பான். கர்னல் சிரிச்சுக்குவான். அவனுக்குத் தெரியாதுன்னு நினைச்சோம். தெரிஞ்சுதான் அவமானப்பட்டு அழிச்சானா?"

"அவமானப்பட்டவரும் இப்படி அடுக்கமாட்டார். அவர் தேடியிருக்கார்."

"என்ன தேடினான்?" என்றார் தேதி.

சர்வேயர் பழைய படையிலிருந்து ஒரு வீரனை எடுத்துப் பல் டாக்டரின் கையில் கொடுத்தார். "இடுப்பைத் தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டார். பல்லில் இருக்கும் பிளவைக்கூட விரலால் கண்டுபிடிக்கிறவர். உடனே தெரிந்துவிட்டது.

"கர்னலோட மனைவி விட்டுட்டுப் போன நூல். படைக்கு ஒருத்தனுக்குக் கட்டுவார். கட்டி மேல பெயின்ட் அடிச்சுட்டா கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். கண்டு காலி. நீலப்படையில கட்டினதுதான் கடைசி. சனிக்கிழமை அவர் தடவிப் பார்த்தார், கிடைக்கல. பெயின்ட் தடிமனா அடிச்சதால அடியில மறைஞ்சிருக்கும்னு நினைச்சிருக்கார். தின்னர் பெயின்டைக் கரைக்கும், நூலைக் கரைக்காது. அதனால ஊறவெச்சு ஒவ்வொருத்தனா..."

"நீட்டிட்டிருந்துது," என்றார் டாக்டர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடுக்கி மாதிரி சேர்த்துப் பிடித்திருந்தார். எதிரே அந்தப் படை இருப்பதுபோல.

"பெயின்டுக்கு வெளிய ஒரு துளி நீட்டிட்டிருந்துது. பிரஷ் முடி ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். கண் தெரியாததால அவனுக்குத் தெரியல, பாவம்னு... இழுத்தேன். நீளமா வந்தது. துணி நூல்போலன்னு நினைச்சேன். அந்த இடத்தை வழிச்சு, சுத்தமா பெல்ட் வரைஞ்சேன்."

"எங்க போட்டீங்க?" என்றாள் மகள்.

"பஞ்சோட சேர்த்து. கிளினிக் குப்பையில." கைவிரல்கள் இன்னும் பிரியவில்லை. "அன்னிக்கே எரிக்கறதுக்குக் கொண்டுபோயிடுவாங்கம்மா."

டிரைவிங் ஸ்கூல்காரர் தொண்டையைச் செருமினார். "அதே கலர்ல நூல் கடையில கிடைக்கும். நான் வேணா..."

"வேணாம் அங்கிள்."

அவள் தட்டின் அருகே வந்தாள். பண்ணினவன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டவள். பார்த்தாள். திட்டுவாள் என்று டாக்டர் காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சர்வேயர் பக்கம் திரும்பினாள்.

"என் வார்த்தை?"

"அது காரணம்னு இந்தத் தட்டுல எதுவும் சொல்லல. இல்லன்னும் சொல்லல. கடைசி நேரத்துல அவர் எதையும் அழிக்கல, தேடிட்டிருந்தார். அதுவரைக்கும்தான் என்னால கையெழுத்துப் போட முடியும்."



*

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் சர்வேயரையும் மச்சானையும் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டைக் காலி செய்வதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் என்றாள் மகள். கர்னலின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். டைஸை எப்படிப் பிடிப்பதென்றுகூடத் தெரியவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. பெயின்ட் அடிக்காத படை இறங்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் சண்டை போட்டவர் தேதி. டாக்டர் எனாமல் தட்டைத் திறந்து, நிறமில்லாத வீரர்களை நீலப்படை நிற்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவராக நிறுத்தினார். தேதி வாயைத் திறந்தார். பிறகு, பீரங்கி முன்னாலிருந்த பஞ்சை எடுத்துச் சற்றுத் தள்ளிவைத்தார். அவ்வளவுதான்.

"புதுப்படை, முதல் ஆட்டம். ஓடிடும் பாருங்க," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். இவர்களிடையே அது பழைய கேலி. எவ்வளவு பாடுபட்டுச் செய்த படையும் முதல் ஆட்டத்தில் முதல் ஆளாக ஓடும் என்பது எல்லாருக்கும் அனுபவம்.

மகள் அந்தப் படைக்காக டைஸை உருட்டினாள். படை தாக்குப்பிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த எண்கள் விழுந்தன.

"ஓடிடுச்சா?" என்றாள்.

"ஓடிடுச்சும்மா."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஆட்டம் நின்றுவிட்டது, அவள் எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

ஓடிய படையை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது டாக்டரின் பக்கம் இருந்ததால் அவர்தான் எடுத்தார். ஒருவனை எடுத்து, பெருவிரலால் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டில் படுக்கவைத்தார். அடுத்தவனை எடுத்தார். தடவினார். படுக்கவைத்தார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி ஆள் முடிந்ததும், மறுபடி முதல் ஆளை எடுத்தார்.